சுயசார்புப் பெட்டி

"ஒரு மனுசனோட சுதந்திரம் சட்டப் புத்தகத்துல இல்லீங் கண்ணு. ஒரு ஸ்க்ரூ டிரைவர்ல இருக்குது" என்றார் பங்காரு.

"எந்த ஸ்க்ரூ டிரைவர்லீங்கப்பா? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்றாள் தேஜஸ்ரீ.

மாடி அறையில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே சிவப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. மூடியில் 'சுயசார்புப் பெட்டி' என்ற எழுத்துக்கு மேலே கைகூப்பிய பங்காருவின் படம். உள்ளே இருந்த சாமான்களைவிடப் படம் கொஞ்சம் பெரிது.

துடியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்று பத்து மணிக்கு விழா. படிப்பு முடிந்து வெளியூர் வேலைக்குப் போய்த் தனியாகக் குடியிருக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெட்டி. என்னென்ன வைப்பது என்று யோசித்தவர், மொத்தமாக வாங்கியவர், தலைமை தாங்கிப் பேசப் போகிறவர் எல்லாம் பங்காருதான். கணபதி என்கிற ஊர்ப்பகுதியில் மோட்டார் பம்ப் கம்பெனி முதலாளி. கம்பெனியில் அவர் கை தொட்ட ஒரே கருவி கத்திரிக்கோல். அதுவும் ரிப்பன் வெட்ட.

"பெட்டியில என்னென்ன இருக்குதுன்னு வரிசையாச் சொல்லு, பாக்கலாம்."

"நீங்க வெச்சதுதானுங்களே."

"சொல்லு கண்ணு. அவசரப்பட்டா வேலை கெட்டுப்போகும்."

தேஜஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டாள். அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். அந்த அரை நாளும் கரைந்துகொண்டிருந்தது.

"டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்பேனர், இன்ச் டேப்பு, சுத்தியல், ரெண்டு ஸ்க்ரூ டிரைவர். ஒண்ணு தட்டை, ஒண்ணு ஸ்டார்."

"பாத்தியா. இத்தனை இருந்தாப் போதும், ஒரு பையன் எந்த ஊர்ல வேணா கால் ஊனிப்போடுவான். ஒருத்தனையும் கெஞ்ச வேண்டியதில்லை." இன்று அவர் குரலில் தனியாக ஓர் எதிரொலி வேறு. மேடைக்கென்றே அமைந்த குரல். "இப்ப அந்த ஸ்டாரை எடு."

"எடுத்தாச்சுங்க. வழுக்குது."

"வழுக்காது. புடிக்கற விதத்துல புடிக்கோணும். மனசை ஒரு நிலைக்குக் கொண்டு வா."

"மனசு நல்லாத்தான் இருக்குதுங்கப்பா. ஸ்க்ரூ டிரைவர்தான் வளையுது."

வளைந்துதான் போயிருந்தது, பாயசக் கரண்டி மாதிரி.

"இதையவா அத்தனை பசங்களுக்கும் குடுக்கப் போறீங்க?"

"வெலைக்கு நல்ல சாமானுதான் அது. பாதிக் காசு மூடியில படம் அடிக்கவே போயிருச்சு."

மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு அம்புஜம் ஏறி வந்தாள். "ஏனுங்க, காலேஜ் கார் வந்து எந்நேரமாச்சுங்க. அதுல வந்த டீச்சரம்மா ரெண்டாவது காப்பியும் குடிச்சுப்போட்டாங்க. உங்க இஸ்திரிச் சட்டை கட்டில்லயே கெடக்குது."

"இருக்கட்டும். தலைமை தாங்கறவன் நேரத்துக்குப் போய் நின்னா ஒரு கெத்து இருக்காது."

"அடுத்த வீதி செங்கோடனைக் கூப்பிட்டுப் போடட்டுங்களா? ஆசாரி. அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி."

"ஆசாரியா? நம்ம வேலையை நாமளே செய்யோணும்னு பேசப்போறவன் ஊட்டுக்கு, இன்னைக்குன்னு பாத்து ஆசாரி வாரதா? கணபதி பூராம் சிரிக்கும்."

அம்புஜம் மகளைப் பார்த்தாள். மகள் கூரையைப் பார்த்தாள்.

"அப்பா, சுத்தியல்ல ஒரு போடு போட்டுப் பாக்கட்டுங்களா?"

"தொடாதே." குரல் உயர்ந்தது. "ஸ்க்ரூவைத் திருப்போணும், அடிக்கப்படாது. அடிக்கறவன் முரடன். திருப்பறவன்தான் நாகரிகம் தெரிஞ்சவன். அட, இது நல்லா இருக்குதே. பேச்சுல சேத்துக்கலாம், நாபகம் வெச்சிரு."

"அதுமட்டும் எனக்கு மறக்காதுங்க" என்று தேஜஸ்ரீ தட்டை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அதன் பிடி கையோடு தனியாக வந்தது.

அதற்குள் காப்பி குடித்த டீச்சரம்மாவே மேலே வந்துவிட்டார். பெயர் மேக்னா. கையில் பங்காருவுக்கான பூங்கொத்து, வாட ஆரம்பித்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க. பசங்க எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. சாருக்கு முடியலீன்னா, சூலூர் தறி முதலாளி ஒருத்தர் வந்திருக்காரு, அவரையே தலைமை தாங்க வெச்சு ஆரம்பிச்சுக்கறோம்னு பிரின்சிபால் சொல்றாருங்க."

"அவனா?" பங்காருவின் குரல் கிறீச்சிட்டது. "பல்பு மாட்டத் தெரியாதவன் அவன். என்ற பெட்டியை அவன் கையால குடுக்கறதா? அம்புஜம், செங்கோடனைக் கூப்பிடு. இப்பவே கூப்பிடு. உளியும் கடப்பாரையும் எடுத்துட்டு வரச் சொல்லு."

மேக்னா கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்த சட்டையைப் பார்த்தார். அறையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"சார் எங்கீங்க?"

தேஜஸ்ரீ வளைந்த ஸ்க்ரூ டிரைவரால் குளியலறைக் கதவைக் காட்டினாள். பேச்சுக்கு ஒத்திகையாகப் போன ஞாயிற்றுக்கிழமை பங்காரு தம் கையாலேயே மாட்டிய புதுப் பூட்டு, குளிக்கப் போனவரைத் துண்டோடு உள்ளே வைத்துக்கொண்டு காலையிலிருந்து திறக்கவில்லை. அதன் நான்கு ஸ்க்ரூக்களையும் அவர் சுத்தியலால் அடித்து இறக்கியிருந்தார்.