அப்பாவின் ஈரல்

மயில்சாமி இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் டாக்டர் சொல்லிவிட்டார்.

"உங்க ஈரலை எடுக்க முடியாதுங்க."

கைப்பிடி வைத்த நாற்காலி. இடுப்பு அதற்குள் இறங்கவில்லை. விளிம்பில் தொற்றியபடியே கேட்டார்.

"ரத்தம் சேருதுன்னு சொன்னீங்களே, டாக்டரம்மா."

"ரத்தம் சேருது. ஈரல் சேரலைங்க."

மூன்றாவது மாடியில் அவருடைய மகள் தேன்மொழி படுத்திருக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மஞ்சள் காமாலை என்றுதான் சேர்த்தார்கள். ஈரல் முழுவதும் கெட்டுவிட்டது என்று பிறகு தெரிந்தது. யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பாள். தாய் பூங்கொடியின் ரத்த வகை சேரவில்லை. அப்பா மயில்சாமிக்குச் சேர்ந்தது.

அன்று அவர் வார்டில் எல்லோரிடமும் சொன்னார். என் ஈரலில் பாதி என் பொண்ணுக்கு.

இப்போது சோதனைகள் முடிந்துவிட்டன.

"நான் ஒரு சொட்டு குடிச்சதில்லைங்க," என்றார்.

அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. கோவையிலிருந்து சென்னைக்கு இரவு பஸ் ஓட்டுகிறவர். குடிக்கிற டிரைவர்களோடு ஒரு டீ கூடச் சாப்பிட மாட்டார்.

"குடிக்காதவங்களுக்கும் வருதுங்க."

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

"வயித்துல இருக்கிற கொழுப்பு சும்மா கிடக்கிறதில்லைங்க. அது ரத்தத்துல என்னென்னமோ கலந்துவிட்டுட்டே இருக்கும். உடம்பு பூரா சன்னமா ஒரு அழற்சி. புண்ணு இல்லாத எரிச்சல்னு வச்சுக்குங்க. அப்புறம் இன்சுலின் பேச்சை உடம்பு கேக்காது. சர்க்கரை ஏறும். பிரஷர் ஏறும். மிச்சக் கொழுப்பு ஈரல்ல போய்த் தங்கும். உங்க ஈரல்ல தழும்பே விழ ஆரம்பிச்சிருச்சு. அதை வெட்டினா உங்க உசுருக்கும் ஆபத்து, உங்க பொண்ணுக்கும் அது உதவாது."

"எனக்கு ஒரு நாள்கூட வலிச்சதில்லீங்களே."

"வலிக்காதுங்க."

வலித்திருந்தால் பார்த்திருப்பார்.

வயிறு ஸ்டீயரிங்கை இடித்தபோது சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. நெடுஞ்சாலை மெஸ்ஸில் சால்னா மிதக்கும் புரோட்டா. டிரைவருக்கென்று கொஞ்சம் கூடுதலாகவே வைப்பார்கள். பகலெல்லாம் தூக்கம். எழுந்தால் மறுபடி சீட்.

டிப்போவில் ஒருமுறை மருத்துவ முகாம் போட்டார்கள். சர்க்கரை விளிம்பில் இருப்பதாகச் சொன்னார்கள்.

விளிம்பில்தானே என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவர் தொப்பையைத் தட்டி, நல்லா இருக்கிறீங்க மாப்பிள்ளை என்றார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"இன்னைக்கே சாப்பாட்டை நிறுத்திடறனுங்க."

"திடீர்னு பட்டினி கிடந்தா ஈரல் இன்னும் கெடுமுங்க."

"பின்ன என்னதானுங்க பண்றது?"

"அளவாச் சாப்பிடணும். தினம் நடக்கணும். மெதுவாத்தான் கரையும். மாசக்கணக்குல ஆகும்."

"அவளுக்கு அவ்வளவு நாள் இருக்குதுங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலுக்குப் பதிந்து வைத்திருப்பதாகச் சொன்னார். முன்னால் நிறையப் பேர் காத்திருப்பதாகவும் சொன்னார்.



அவர் மாடிப்படியில் ஏறினார். முதல் மாடியிலேயே மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறினார்.

தேன்மொழி விழித்திருந்தாள். விழியின் வெள்ளையெல்லாம் மஞ்சள்.

"எப்பங்கப்பா?"

"தேதி சொல்றாங்களாம் கண்ணு."

பூங்கொடி கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

"உங்களுக்கு வலிக்குங்களாப்பா?"

"இல்ல சாமி."

மகள் கையை நீட்டினாள். எலும்பாகிவிட்ட கை. அதை அவருடைய வயிற்றின் வலப்பக்கம், சட்டையின் மேல் வைத்தாள்.

"இங்கதானுங்களே இருக்குது?"

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

அவள் கையை எடுக்கவில்லை. அவராலும் நகர முடியவில்லை.

"வெளிய போயிட்டு வந்துடறேன்," என்று எப்படியோ சொன்னார்.

உச்சி வெயில். ஜன்னல் திரையை விலக்கிய பூங்கொடி அப்படியே நின்றாள்.

கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தைச் சுற்றி அவர் நடந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நிழல் இருந்த பக்கத்தில்கூட அவர் நிற்கவில்லை. காவலாளி ஏதோ கேட்டார். அதற்கும் நிற்கவில்லை.

"என்னங்கம்மா பாக்கறீங்க?"

"உங்கப்பா நடந்துட்டு இருக்கறாரு."

"இந்த வெயில்லயா? எதுக்குங்கம்மா?"



"ஆபரேசனுக்கு முன்னால நடக்கச் சொல்லியிருப்பாங்க சாமி. நாள் நெருங்கிருச்சாட்டிருக்குது."

தேன்மொழியின் முகம் தெளிந்தது. தானும் பார்க்க வேண்டும் என்றாள். பூங்கொடி அவள் முதுகுக்குத் தலையணை வைத்துத் தூக்கி உட்காரவைத்தாள்.

கீழே அவர் ஓடத் தொடங்கியிருந்தார்.