கிஹெய் வீட்டுத் தீ

"மூணாவது தடவைய்யா, கிஹெய்! ஊர்ல எத்தனை வீட்டுல வைக்கோல் கிடக்கு, உன்னோடது மட்டும் ஏன் பத்திக்குது?"

கேட்டுக்கொண்டே தொகுஜிரோ நீண்ட கொக்கிக் கழியால் கருகிய வைக்கோலைக் கிளறினார். அவர் அந்த மலைக்கிராமத்துத் தீயணைப்புப் படையின் தலைவர். படை என்றால் சம்பளப் படை இல்லை. தீக்காவல் கோபுரத்து மணி அடித்ததும் கோடாலி, கத்தரிக்கோல், சாராய அண்டா எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வருகிற பன்னிரண்டு பேர். கைப்பம்பு வண்டியை மேட்டில் இழுத்து வந்ததில் சிலருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"காத்து அப்படி, அண்ணே" என்று கிஹெய் தலையைச் சொறிந்தான்.

"காத்தா? இலைகூட அசையலையே!" என்றான் ரிக்கிஸோ. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவன். வாய் அவன் கத்தரிக்கோலைவிட வேகம். "விடுங்கண்ணே. நம்ம பம்பு வண்டிக்கு வேற வழியே மறந்து போச்சு. கயிறை விட்டா தானா இங்கே வந்து நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் கிஹெய்.

தொகுஜிரோ சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையா அது? போன தீயின்போதே ஊர்த்தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை எரிந்தால் காரணம் தெரிந்தாக வேண்டும். வேண்டுமென்றே வைத்த தீ என்றால் கிஹெயைப் போலீசில் ஒப்படைக்க வேண்டியதுதான். மரத்தாலும் காகிதத்தாலும் கட்டிய வீடுகள் நெருக்கியடித்து நிற்கிற ஊர். அங்கே அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

தொகுஜிரோவின் தாத்தா காலத்தில் ஒரே மத்தியானத்தில் பாதி ஊர் சாம்பலாகிப்போனது. அதற்குப் பிறகுதான் கோயில் தேவதாரு மரங்களை விற்றுப் பம்பு வாங்கினார்கள், படையும் பிறந்தது. அன்றிலிருந்து மணி அடித்தும் வண்டி கிளம்பாத நாளே இல்லை. ஒருமுறை கல்யாண மாப்பிள்ளையே பந்தியிலிருந்து எழுந்து ஓடி வந்து, பட்டு அங்கியோடு குழாயைப் பிடித்தான். அந்த மாப்பிள்ளை தொகுஜிரோவின் அப்பா. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அம்மா கடைசிவரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

கிஹெயின் மனைவி ஒமினெ டீயும் உப்பிலிட்ட முள்ளங்கியும் சோற்று உருண்டைகளும் கொண்டுவந்து வைத்தாள். ஆட்கள் வாசல் பலகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க" என்றவள், சாராயம் காய்ச்சுகிற யொஹெயிடம் திரும்பினாள். "அண்ணே, உங்க பொண்ணுக்குப் பிரசவம் ஆயிடுச்சா?"

"ஆச்சும்மா. பையன். இப்ப தவழவே ஆரம்பிச்சுட்டான்."

"அடேயப்பா! தவழுறானா?" அவள் கண் கலங்கியது. "யாரு ஜாடை?"

"தாத்தா ஜாடைதான். பாவம், அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சோ!" என்றான் ரிக்கிஸோ. யொஹெய் முள்ளங்கித் துண்டை எடுத்து அவன்மேல் எறிந்தார்.

ரிக்கிஸோவின் பார்வை கிஹெயின் தலைக்குப் போனது. "உன் தலையை யாருய்யா வெட்டுனது? எலி கரண்டுன மாதிரி இருக்கு!"

"இவதான்" என்றான் கிஹெய் மெதுவாக.

ரிக்கிஸோ குனிந்து உருண்டையைக் கடித்தான்.

தொகுஜிரோவும் ஒன்றை எடுத்தார். சூடாக இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மணி அடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு பேருக்குச் சோறு ஆக்கி உருட்டி வைத்திருக்கிறாள் என்றால், உலை எப்போது ஏறியது?

கிஹெயை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"தீ பிடிக்கிறதுக்கு முந்தியே விருந்தாளிக் கணக்கு தெரிஞ்சிருச்சா உங்களுக்கு?"

கிஹெய் தரையைப் பார்த்தான். "நான்தான் வெச்சேன் அண்ணே. காத்தில்லாத நாளாப் பாத்து, தண்ணியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் வெச்சேன்."

"உனக்கென்ன பைத்தியமாய்யா? தீவனத்தைக் கொளுத்திட்டு மாட்டுக்கு எதைப் போடுவே?"

முன்பக்கத்தில் ஒமினெ எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். கிஹெய் அந்தச் சத்தம் அடங்குகிறவரை காது கொடுத்து நின்றான்.

"போலீஸ்ல சொல்லணும்னா சொல்லிடுங்க. அவளை மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க."

தொகுஜிரோ கையில் இன்னும் சூடாக இருந்த உருண்டையைப் பார்த்தார்.

"அண்ணே! தீ அணைஞ்சுபோச்சு. கிளம்பலாமா?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். முன்பக்கத்துப் பேச்சு சட்டென்று நின்றது. கோப்பைகளைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தொகுஜிரோ விறுவிறுவென்று முன்னால் வந்தார்.

"யார் கேட்டாலும் அடுப்புப் பொறி விழுந்து பத்திக்கிச்சுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்." கொக்கிக் கழியை ஈரச் சாம்பலில் குத்தி நிறுத்தினார். "அப்புறம், அணைஞ்சுபோச்சுன்னு எவன் சொன்னான்? உள்ளே இன்னும் கனிஞ்சுக்கிட்டு இருக்கு. இருட்டுற வரைக்கும் ஒருத்தனும் நகரக் கூடாது. ஒமினெ, இன்னும் கொஞ்சம் டீ போடும்மா."

சாம்பல் சில்லென்று குளிர்ந்து கிடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

பொதுக்காட்டு மரங்களை ஊர்த்தலைவர் திருட்டுத்தனமாக விற்றார் என்று டவுனில் புகார் கொடுத்ததற்காக, போன வசந்தத்தில் கிஹெய் குடும்பத்தை ஊர் ஒதுக்கி வைத்திருந்தது: சாவு விழுந்தாலோ தீப்பிடித்தாலோ தவிர, அந்த வாசலை யாரும் மிதிக்கக் கூடாது, அவர்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்தத் தீர்மானத்துக்கு முதல் ஆளாகக் கை தூக்கியவர் தொகுஜிரோ.