யாரும் திறக்காத பக்கம்

காலையில் எழுந்து கடுங்காப்பி குடித்தேன். ஒண்டிக்கடை முக்குக்கு நடந்து போய்ச் சங்கத்தின் மாடியறையைத் திறந்தேன். கம்ப்யூட்டரைத் துடைத்தேன். பூவாயி எழுதிய சாமைப் பணியாரப் பக்கத்தைத் திறந்து, படிக்காமலே மூடினேன். தினமும் அப்படித்தான்.

ஏற்காட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் நடத்தும் சங்கம் அது. உறுப்பினர்களின் இணையப் பக்கங்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. நான் புது உறுப்பினர். என் வேலை என்னவென்று சேர்ந்த அன்றே சங்கச் செயலாளர் காவேரி சொல்லிவிட்டார்.

“தூசி தட்டோணுங்க. இடி இடிச்சா மொதல்ல போன் ஒயரைப் புடுங்கோணும், அப்பறமா பயந்துக்கலாம். மாசக் கடைசியில யாரும் பாக்காத பக்கத்தை அழிச்சிரோணும்.”

பணியாரப் பக்கத்தை என்னைத் தவிர யாரும் பார்ப்பதாகத் தோன்றவில்லை. அதனால்தான் தினமும் திறந்தேன்.

இன்று மாதக் கடைசி. காவேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க, பூவாயி பக்கத்தை நீங்களே தெனம் தொறந்து மூடறீங்களாட்ட இருக்குது? டூட்டி ஆளு பாத்தா அது கணக்குல வராதுங்க.”

நான் மவுசைக் கையால் மூடிக்கொண்டேன்.

“இதை மட்டும் விட்டுடுங்க.”

“யாருங்க அழிக்கறாங்க? நீங்க பாத்ததைத் தள்ளிட்டாலும் இதுக்குத்தான் நொம்பக் கூட்டம். நேத்து எங்க ஊட்லயே பணியாரம் சுட்டோம்.”

காவேரி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆனா எல்லாருக்கும் சப்புனு வருதுங்க. வெல்லம் எவ்வளவு போடோணும்னு உங்க சம்சாரம் எழுதாமயே கண்ண மூடிட்டாங்க. உங்களுக்காச்சும் தெரியுங்களா?”