குறுக்கே நடந்த குதிரை

திருச்செங்கோட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். தலைக்கவசம் போட்ட ஒருத்தி, கடிவாளத்தை இழுக்காமலே குதிரையைப் பக்கவாட்டில் நடனம்போல நடக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டியில முதல் பரிசாமுங்க. உங்க ஊட்டுப் பொண்ணுதானுங்களே?"

பெண்ணின் அப்பா சின்னுசாமிக்கு வியர்த்தது. இந்தச் சம்பந்தம் தட்டிப்போய்விடும் என்று பயந்தார்.

"இனிமே போக வேண்டாம்னு சொல்லிர்றேனுங்க."

"அட, ஏனுங்க? கல்யாணத்துக்கப்புறம் எனக்கும் சொல்லிக் குடுப்பாளான்னு கேக்கத்தானுங்க காட்டுனேன்."

மணப்பெண் தனப்பிரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எனக்குக் குதிரைன்னாலே பயமுங்க அத்தை. அது எங்கம்மா."

காபித் தட்டுடன் வந்த சௌந்திரத்தின் முகம் சிவந்தது. தட்டை வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நாளைக்கே ஆரம்பிச்சரலாமுங்க சம்பந்தி. சேலை மட்டும் வேண்டாமுங்க, பேன்ட் போட்டுட்டு வாங்க."