மலாக்கி கிளம்பிய நாள்

டப்ளினில் எனக்கு வேலை தயாராக இருந்தது. அயர்லாந்து பாஸ்போர்ட்தான் இல்லை. அதற்கு என் தாத்தா மலாக்கி டெவானி, அந்நாட்டின் மேயோ மாவட்டத்தில் பிறந்தவர் என்று நிரூபிக்க வேண்டும். தாத்தா எங்கள் பாஸ்டன் வீட்டு அடுக்களையிலேயே உட்கார்ந்திருப்பதால் சுலபம் என்று நினைத்தேன்.

மேயோவிலிருக்கும் பாதிரியாரைத் தொலைபேசியில் பிடித்தேன். கோயில் பதிவேட்டில் மலாக்கியின் ஞானஸ்நானம் இருந்தது. 1929 ஏப்ரலில் அவரை அடக்கம் செய்ததும் இருந்தது. பாஸ்டன் துறைமுகப் பதிவின்படியோ அவர் அதே ஆண்டு மே மாதம் கப்பலிலிருந்து இறங்கியிருந்தார்.

நோரா அத்தை சிரித்தாள். "அட மக்கு, அமெரிக்கா கிளம்புறவனுக்கு அந்தக் காலத்துல இழவே கொண்டாடுவாங்க. திரும்பி வரவா போறான்? விடிய விடிய ஒப்பாரி, நடுநடுவுல விஸ்கி, ஆட்டம். பாதிரியாரும் ரெண்டு ஊத்திக்கிட்டு எழுதியிருப்பாரு."

இதைப் பாதிரியாரிடம் சொன்னேன். "அதுக்கெல்லாம் யாரும் குழி வெட்ட மாட்டாங்க தம்பி. கல்லறை இங்கேதான் இருக்கு," என்றார்.

அன்றிலிருந்து தாத்தா சாப்பிடுவதைக் கவனித்தேன். நன்றாகத்தான் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்டே விட்டேன்.

"தாத்தா, நீங்க ஊரை விட்டுக் கிளம்பின அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அவர் வெந்த உருளைக்கிழங்கை நிதானமாக உரித்தார்.

"எல்லாரும் அழுதாங்க. மலாக்கி அவன் பாட்டுக்கு நடுவீட்ல படுத்திருந்தான். எழுப்ப வேண்டாம்னு எங்கம்மா சொல்லிட்டா. அதான் அவன் கப்பல் டிக்கெட்டை எடுத்துக்கிட்டு நான் மட்டும் கிளம்பி வந்தேன்."

உரித்த கிழங்கை என் தட்டில் வைத்தார்.