அலுமினியமா, ஸ்டீலா?

டெஸ்மண்ட் அந்த ஊரில், வண்டிகளுக்கு முன்னால் மாட்டும் பம்பர் கடை போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில், தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் கடை. கங்காருக்கள் எந்த நேரமும் ரோட்டில் பாயும் என்பதால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். அலுமினியமா, ஸ்டீலா?

அதற்கு அவனிடம் மனப்பாடமாக ஒரு பதில் இருந்தது. அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது, முன் ஸ்பிரிங்குக்குச் சுமையில்லை. ஆனால் பலமாக அடிபட்டால் கிழியும், ஒட்டவைப்பது கஷ்டம். ஸ்டீல் கனம். ஆனால் எதன்மேல் மோதினாலும் அசையாது, வளைந்தாலும் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.

நெவில் இதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று ஆறு மாதமாக வீட்டில் இருப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். மனைவி ரோண்டாவுக்குச் சொல்லாமல், கல்யாண நாள் பரிசாக வீட்டு வண்டிக்கு மாட்டப்போவதாகச் சொன்னார்.

"சரி, கங்காருவ விடு. குறுக்க ஒரு ஆள் வந்தா?"

டெஸ்மண்ட் சிரித்தான். நெவில் சிரிக்கவில்லை.

"எண்பது கிலோ ஆள்னு வெச்சுக்க. வண்டி முப்பதுல வருது. எந்த பம்பர்னா என்ன ஆகும்?"

ஸ்டீல் என்றால் வண்டிக்குக் கீறல்கூட விழாது, அடி முழுவதும் எதிரே நிற்பவருக்குத்தான் என்றான் டெஸ்மண்ட். அலுமினியமும் பஞ்சு மெத்தை இல்லை, ஆனால் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும்.

"அடிபட்டவங்க அப்புறம் பேசற நிலமைல இருப்பாங்களா?"

நெவில் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, தரையிலிருந்து பம்பரின் மேல் விளிம்புவரை அளந்தார். அதே அளவைத் தன் காலில் வைத்துப் பார்த்து, தொடையை விரலால் அமுக்கியபடி யோசித்தார். பிறகு, குனிந்து தோட்டவேலை செய்கிற ஆளாக இருந்தால் அடி எங்கே படும் என்று கேட்டார். தெரியாது என்றான் டெஸ்மண்ட். மறுநாள் வந்து முடிவு சொல்வதாகவும், ரோண்டாவிடம் மூச்சு விடக்கூடாது என்றும் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

டெஸ்மண்ட் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

சார்ஜண்ட் குவின்லன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நெவில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த வீட்டில் சண்டை என்று ஊரே பேசுகிறது. பாத்திரம் கழுவுவது எப்படி, துணி காயப்போடுவது எப்படி என்று ரோண்டாவுக்கு அவர் பாடம் நடத்துகிறாராம். ரோண்டா கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். எடையும் எண்பது கிலோவுக்குக் குறையாது. அவள் தோட்டத்தில் குனிந்து களை பிடுங்குவதைக் குவின்லனே பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே, நெவில் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து குவின்லன் போனார். அடுப்பில் கேக் வெந்துகொண்டிருந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுற்றிவளைத்துக் கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரோண்டா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆள் பிழைக்குமான்னா கேட்டாரு?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"எத எடுக்கப்போறாராம்?"

இன்னும் முடிவாகவில்லை என்றார் குவின்லன். அவள் கண்ணில் நீர் திரண்டது. கொஞ்ச நாள் அக்கா வீட்டில் போய் இருக்கும்படி அவர் கெஞ்சிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

"இத்தன வருஷம் கூட இருந்தாச்சு. நான் பாத்துக்கறேன், சார்ஜண்ட்."

போதாததற்கு அவருக்குக் கேக் வேறு கட்டிக்கொடுத்தாள். இப்படிப்பட்ட பெண்ணையா என்று நினைத்து நினைத்து குவின்லனுக்கு ஆறவில்லை.

மறுநாள் காலை டெஸ்மண்ட் கடையில் டயர் அடுக்குக்குப் பின்னால் அவர் பதுங்கியிருந்தார். நெவில் வந்தார். இரண்டு பம்பர்களையும் கடைசியாக ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, அலுமினியம் என்றார். குவின்லன் வெளியே வந்தார்.

"உண்மையச் சொல்லு நெவில். யார கொல்லப்போற?"

நெவில் மாறிமாறி இருவரையும் பார்த்தார்.

"நானா? கண்ணு சரியில்லன்னு போன வருஷமே என் லைசன்ஸ பிடுங்கிட்டாங்க. வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லல. இப்ப வண்டிய ஓட்டறது ரோண்டாதான்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் ஓய்வு பெற்றபின் ரோண்டா இரண்டு தடவை அவரை வண்டியால் இடித்திருக்கிறாள். முதல் தடவை அவர் கத்தரிச் செடிக்குக் குனிந்திருந்தபோது. பிரேக்கில் கால் வழுக்கிவிட்டது என்றாள். அடுத்த தடவை கேட் பக்கத்தில். கங்காரு என்று நினைத்தேன் என்றாள். இரண்டு தடவையும் அழுதாள், சூப் வைத்துக் கொடுத்தாள். புகார் கொடுக்கச் சாட்சி இல்லை. விட்டுவிட்டுப் போக மனசும் இல்லை.

"மூணாவது தடவையும் வரும். அதுக்குள்ள கொஞ்சம் மெத்துனு ஒண்ண மாட்டிடலாம்னு பாத்தேன். காரணம் மட்டும் அவளுக்குத் தெரிஞ்சிடக்கூடாது, அவ்வளவுதான்."

குவின்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். டெஸ்மண்ட் குவின்லனைப் பார்த்தான்.

அப்போது கடை போன் அடித்தது, பேசியது ரோண்டா. கணவர் எதை ஆர்டர் கொடுத்திருந்தாலும் சரி, தன் வண்டிக்கு ஸ்டீலே மாட்டிவிடும்படி சொன்னவள், சார்ஜண்டைப் பார்த்தால் தன் நன்றியைத் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொண்டாள்.