திரையில் தெரியாத அடி

ஈரக் கோணிமூட்டையை மரத்தடியால் மாங்கு மாங்கென்று அடித்துக்கொண்டிருந்தார் சத்தக்காரர். படங்களுக்கு ஓசை சேர்ப்பது அவருடைய தொழில்.

எதிரே திரையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது. வேற்றுக் கிரகத்து விருந்தாளி ஒருவர் தன்னந்தனியாகச் சந்தைக்குள் நடந்து வருகிறார். ஊரே தடியெடுத்துச் சூழ்ந்துகொள்கிறது.

அடி ஒன்றுகூடத் திரையில் தெரியாது. வேடிக்கை பார்ப்பவர்களின் முகங்கள் மட்டுமே தெரியும். அவர்களுள் ஒருத்தி ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடித் திறப்பாள்.

ஒரு கொலையைக் காதால் பார்க்கவைத்த அந்த இயக்குநரைச் சத்தக்காரர் மனத்துக்குள் பலமுறை கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

படம் மீண்டும் வெளியாகவிருந்தது. இந்தக் காட்சி இருந்த சுருளின் ஒலியை மட்டும் பூஞ்சை தின்றுவிட்டிருந்தது. அவள் கண் மூடும் கணத்தில் விழுவதற்குப் புதிய அடிகள் தேவைப்பட்டன.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தவர் அவருடைய மாப்பிள்ளை.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. ஆளை அடிக்கிற மாதிரி இல்ல, போர்வை துவைக்கிற மாதிரி இருக்கு. இந்தத் தடவையும் வரலன்னா கம்ப்யூட்டர்ல இருக்கிற சத்தத்தையே போட்டுடறேன்.”

கம்ப்யூட்டரில் இருந்தது, சண்டைப் படங்களில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ‘டிஷ்யூம்’. அதைச் சேர்த்தால் தியேட்டரே சிரிக்கும். அந்தச் சாவுக்கு ஊர் சிரிக்க அவர் விடமாட்டார்.

கோணியை ஓரமாகத் தள்ளினார். ஒலிவாங்கியை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். விளக்கை அணைத்துவிடும்படி கேட்டுக்கொண்டு முக்காலியில் அமர்ந்தார்.

கண்ணாடி வழியே மாப்பிள்ளைக்கு இப்போது திரை மட்டுமே தெரிந்தது.

அவள் கண் மூடினாள். அடி விழுந்தது.

சதையில் புதைந்து எலும்பில் போய் நின்றது ஓசை. அடுத்தது அதைவிடப் பலமாக விழுந்தது. அதற்கடுத்ததில், நனைந்த எதுவோ கிழிவதுபோல் கேட்டது. மாப்பிள்ளை காதிலிருந்த ஹெட்போனைச் சற்றே விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

காட்சி முடிந்தது.

“ஐயோ மாமா, இப்பதான் ஆளை அடிக்கிற மாதிரியே இருக்கு! ஒரே ஒரு குறைதான். கடைசியில யாரோ முனகுற மாதிரி கேக்குது. அந்த வேத்துக்கிரக ஆளுக்குத்தான் வாயே கிடையாதே. இன்னொரு தடவை போலாமா?”

“தாராளமா மாப்பிள்ளை.”

சத்தக்காரர் கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

வீங்கத் தொடங்கியிருந்த வலது தொடையை இரு கைகளாலும் மெல்லத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, இடது தொடையைத் தடிக்கு வாகாக நீட்டினார்.